டபுள் ஸ்பேஸ்

ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சாகும் முன் ஆசிரியருக்கும் அவருக்கும் இடையே மூன்று முறை போய்வந்தது. பெர்னூலி எண்களைப் பற்றிய அந்தக் கட்டுரை 1911இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் வந்தது. இதழாசிரியர் எம்.டி. நாராயண ஐயங்கார், பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். கணக்கில் பிழை என்று அவர் சொல்லவில்லை. இந்தப் பிள்ளை பாதிப் படிகளை விழுங்கிவிட்டு எழுதுகிறான், சாதாரண வாசகனால் பின்னாலேயே போக முடியவில்லை என்பதுதான் அவர் குறை. திருப்பி அனுப்பினார், திருத்தி வந்தது, மறுபடி அனுப்பினார். ஒருவழியாக மூன்றாம் தொகுதியில் 219ஆம் பக்கத்தில் தொடங்கி அச்சேறியது.

இந்தக் கதையை மேடையில் சொன்னால் கூட்டம் ராமானுஜன் பக்கம் நிற்கும். மேதையைப் படுத்தி எடுத்த ஆசிரியர் என்று சிரிப்பார்கள். நான் நாராயண ஐயங்கார் பக்கம். பெரிய கணித ஞானம் இருந்து இப்படிச் சொல்லவில்லை. நான் டைப்பிஸ்ட். 1974இல் சென்னையில் ஒரு ஆய்வுத் துறையில் வேலைக்குச் சேர்ந்து, மற்றவர்களின் கண்டுபிடிப்புகளை வெளிநாட்டு இதழ்களுக்கு அனுப்பும் பதத்தில் அடித்துக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். தலைக்குள் இருப்பது பக்கத்துக்கு வருவதற்குள் எத்தனை பேர் கை பட வேண்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

ராமானுஜனுக்கே அடுத்து வந்த கை இங்கிலாந்தின் கணித அறிஞர் ஹார்டியுடையது. கேம்பிரிட்ஜில் ராமானுஜன் எழுதியதெல்லாம் தன் வழியாகத்தான் அச்சுக்குப் போனது, ஆரம்பக் கட்டுரைகளை முழுக்கத் தானே திருப்பி எழுதினேன், சேர்ந்து எழுதியவற்றைத் தவிர முடிவுகளில் எனக்குப் பங்கில்லை என்று ஹார்டி பிறகு பதிவு செய்திருக்கிறார். உலகத்தின் பெரிய கணித மேதைகளில் ஒருவர் இன்னொருவருக்கு ஃபேர் காப்பி எடுத்துக் கொடுத்திருக்கிறார்! 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் வந்த நீண்ட கட்டுரையையும் முழுசாகப் போட முடியவில்லை. சங்கத்துக்குக் கையில் காசில்லை, ஒரு பகுதியை வெட்டிவிட்டார்கள். வெட்டிய மிச்சம் 1997இல்தான் அச்சில் வந்தது. பக்க வரம்பு என்று இன்று இதழ்கள் போடும் விதியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த 82 வருடம் ஞாபகம் வரும்.

ஆதியில் இப்படி விதி எதுவும் கிடையாது. 1665 மார்ச்சில் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' இதழைத் தொடங்கியபோது அவருக்கு வந்தவை கடிதங்கள். எந்தத் தாளில் வேண்டுமானாலும் எழுதுவார்கள். அவரே சுருக்குவார், மொழிபெயர்ப்பார், அச்சகத்துக்குக் கொடுப்பார். விதிகள் பின்னாளில் அச்சுக்கூடத்திலிருந்து ஏறி வந்தவை. நான் வேலையில் சேர்ந்தபோது என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் அந்த விதிகளைத்தான் வைத்திருந்தேன். ஒவ்வொரு இதழின் பின்னட்டை உள்பக்கத்திலும் 'ஆசிரியர்களுக்கு' என்று பொடி எழுத்தில் இருக்கும். எங்கள் புரொபசர் அதைப் படிக்கவே மாட்டார். "நீ பார்த்துக்கோம்மா" என்பார். நான் பார்த்துக்கொண்டேன்.

தாளின் ஒரு பக்கம் மட்டும் அடிக்க வேண்டும். ஏன்? ஒரு கட்டுரையை அச்சுக்கூடத்தில் பக்கம் பக்கமாகப் பிரித்து, எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர்கள் பலரிடம் கொடுப்பார்கள். பின்பக்கத்திலும் எழுத்து இருந்தால் ஒரே தாள் எப்படி இரண்டு பேரிடம் போகும்? டபுள் ஸ்பேஸ், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரி அடிக்க வேண்டும். இடையில் இருக்கும் வெள்ளையில்தான் காப்பி எடிட்டர் கம்பாசிட்டருக்குக் கட்டளை எழுதுவார். இரண்டு பக்கமும் ஓர் அங்குல ஓரம், அதுவும் அவருக்குத்தான். படங்கள் தனியாகப் போக வேண்டும், ஏனென்றால் அவை பிளாக் செய்பவரிடம் போகும். ஆனால் படத்துக்குக் கீழே வரும் விளக்கம் எழுத்து. அது கம்பாசிட்டர் வேலை. அதனால் படமும் அதன் விளக்கமும் வேறு வேறு தாளில் இருக்க வேண்டும். அட்டவணை கோப்பது தனித்திறமை, அதற்குத் தனி ஆள், ஆகவே ஒவ்வொரு அட்டவணையும் தனித் தாளில். சாய்வெழுத்து வேண்டுமென்றால் சொல்லுக்கு அடியில் கோடு. தடித்த எழுத்துக்கு நெளிகோடு. உயிரியல் துறையினர் தவளைப் பெயர், தாவரப் பெயர் எல்லாவற்றுக்கும் கோடு போடச் சொல்வார்கள். அடித்த சொல்லுக்குக் கேரேஜைப் பின்னால் இழுத்து வந்து, அடிக்கோட்டு விசையைத் தட்டிக்கொண்டே போக வேண்டும்.

இவற்றில் ஒரு விதியும் விஞ்ஞானத்திலிருந்து வந்ததில்லை. எல்லாம் ஈயத்தில் எழுத்துக் கோத்த மனிதர்களின் வசதி.

எனக்குக் கிடைத்த மெஷின் ரெமிங்டன். கோத்ரெஜ் 1955இலேயே நம் நாட்டு டைப்ரைட்டர் செய்துவிட்டது, ஆனாலும் துறையில் பழைய ரெமிங்டன்தான் இருந்தது. இங்கிலீஷ் ஹையர் பாஸ் செய்தவள், நிமிடத்துக்கு 45 சொல் அடிக்கத் தெரியும். கணிதக் கட்டுரைக்கு அந்த வேகத்தால் பயனில்லை. ஆல்ஃபா, பீட்டா, தொகை, தொகையீடு எதற்கும் என் மெஷினில் விசை கிடையாது. இருக்கும் எழுத்தை அடித்து, இல்லாத குறிக்கு எத்தனை இடம் என்று மனசால் அளந்து ஸ்பேஸ் பாரைத் தட்டி இடம் விட்டுப் போவேன். பிறகு தாளை உருவி, கறுப்பு மையில் ஒவ்வொன்றாகக் கையால் எழுதி நிரப்ப வேண்டும். மேற்குறிக்கு ரோலரை அரைப் பல் இறக்க வேண்டும், கீழ்க்குறிக்கு அரைப் பல் ஏற்ற வேண்டும். மேற்குறிக்கு மேல் இன்னொரு மேற்குறி வந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போக நேரமாகும். ஐ.பி.எம். 1961இல் கொண்டுவந்த செலக்ட்ரிக் மெஷினில் எழுத்துகள் ஒரு சின்னப் பந்தில் இருக்கும், பந்தை மாற்றினால் கிரேக்க எழுத்து வரும். அப்படி ஒன்று இருக்கிறது என்று வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஆராய்ச்சி மாணவர் ஒருவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்டதோடு சரி.

அந்தக் கால மெஷின்கள் பலவற்றில் ஒன்று என்ற எண்ணுக்கே விசை கிடையாது, எல் எழுத்தைத்தான் ஒன்றாகப் பாவிக்க வேண்டும். கம்பாசிட்டர் எப்படிக் கண்டுபிடிப்பார்? ஓரத்தில் பென்சிலால் "இது எண் ஒன்று, எல் இல்லை" என்று எழுதி வட்டம் போட வேண்டும். "சுழியம், ஓ இல்லை." "கிரேக்க நியூ, வி இல்லை." என் கட்டுரைகளின் ஓரங்களில் இப்படி எத்தனை வட்டங்கள்! என் கட்டுரைகள் என்றா சொன்னேன்? பழக்கம்.

படம் வேறு உலகம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் சகாக்களும் 1963இல் வெளியிட்ட புரதக் கட்டமைப்பு ஆய்வு இன்று உலகமெங்கும் ராமச்சந்திரன் வரைபடம் என்றே அறியப்படுகிறது. ஒரு துறையையே மாற்ற ஒரு படம் போதும். அப்படிப்பட்ட படங்களை டிரேசிங் பேப்பரில் இந்தியன் இங்க் விட்ட ரோட்ரிங் பேனாவால் வரைவார்கள். எழுத்துக்கு லெட்ராசெட் தாள், தேய்த்து ஒட்ட வேண்டும். ஒரு தாளில் ஈ எழுத்து முதலில் தீர்ந்துவிடும், மற்ற எழுத்தெல்லாம் வீணாகக் கிடக்கும்; எஃப் எழுத்துக்கு அடியில் ஒரு கோட்டை ஒட்டி ஈ ஆக்கிய டிராஃப்ட்ஸ்மேனைப் பார்த்திருக்கிறேன். வரைந்ததை ஸ்டூடியோவில் கொடுத்துப் பளபளப்புத் தாளில் பிரிண்ட் போட்டு, பின்பக்கம் அழுத்தாமல் பென்சிலால் படத்தின் எண்ணும், எது மேல்பக்கம் என்று ஓர் அம்புக்குறியும் போட வேண்டும். அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் தெரியும், பிளாக்கிலும் அது விழும். குண்டூசி, கிளிப் கூடவே கூடாது.

தாள் அளவே ஒரு வம்பு. எங்கள் ஸ்டோரில் வந்தது ஃபுல்ஸ்கேப், அரசு அலுவலகத் தாள். ஐரோப்பிய இதழ் ஏ4 கேட்கும். அமெரிக்க இதழ் எட்டரைக்குப் பதினொன்று. ஃபுல்ஸ்கேப்பை வெட்டி ஏ4 ஆக்கலாமென்றால் நீளம் மிஞ்சும், அகலம் போதாது. நல்ல பாண்ட் பேப்பரில் ஒரிஜினல், அடியில் கார்பன் வைத்து மெல்லிய தாளில் நகல்கள், ஏனென்றால் மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரு நகல் போக வேண்டும். ஏர்மெயிலில் கிராம் கணக்கு. புரொபசர் ஒருபக்கம் தபால் செலவுக்கு அனுமதி வாங்க அலைவார். கப்பல் தபாலில் போட்டால் மாதக் கணக்கில் ஆகும், அதற்குள் வேறு யாராவது அதையே வெளியிட்டுவிட்டால்? 'பெறப்பட்ட நாள்' என்று கட்டுரைத் தலைப்பில் அச்சாகும் தேதிக்காகத்தான் இந்த அவசரம் எல்லாம்.

திரும்பி வந்தால்தான் கொடுமை. ஓர் இதழ் மறுத்துவிட்டது, அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும் என்றால், ஒரு சொல்கூட மாறாத கட்டுரையை முதலிலிருந்து அடிக்க வேண்டும். காரணம் மேற்கோள் பட்டியல். ஓர் இதழ் ஆசிரியர் பெயரும் ஆண்டும் கேட்கும். அடைப்புக்குள் பெயரும் ஆண்டும் போடும் இந்த முறையை 1881இல் ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க், ஓடில்லாத நத்தையின் கருவளர்ச்சி பற்றிய கட்டுரையில் கையாண்டார் என்பார்கள். டைப்பிஸ்டுக்கு அது தெய்வம்: நடுவில் ஒரு மேற்கோள் கூடினால் அதை மட்டும் செருகினால் போதும். இன்னொரு இதழ் எண் கேட்கும். ஏழாவது இடத்தில் புதிதாக ஒன்று நுழைந்தால் எட்டு ஒன்பதாகும், ஒன்பது பத்தாகும், கட்டுரை முழுக்க, பட்டியல் முழுக்க. ஒயிட்னரும் பிளேடும் கோந்தும் வைத்து ஒட்டுப் போட்டு சமாளித்தவர்கள் உண்டு. ஒட்டுப் போட்ட தாளை ஏற்காத இதழ்களும் உண்டு. ஒன்றில் ஆண்டு முதலில், ஒன்றில் கடைசியில். ஒன்றில் இதழ்ப் பெயர் முழுசாக, ஒன்றில் சுருக்கி. இதில் எந்த முறை கண்டுபிடிப்பை மேலும் உண்மையாக்கியது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. 1970களில் அமெரிக்காவில் சியாட்டிலில் ஒரு மருத்துவத் துறையின் செயலர், டாக்டர்களின் கட்டுரைகளை அடித்துக் கொடுத்தவர், இதழுக்கு இதழ் மேற்கோள் பட்டியலை மாற்றி மாற்றி அடித்துச் சலித்துப்போய், பெரிய மருத்துவ இதழ்களின் ஆசிரியர்களிடமே முறையிட்டார்: எல்லோரும் சேர்ந்து ஒரே மாதிரி கேட்டால் என்ன? அவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. 1978இல் கனடாவின் வான்கூவரில் மருத்துவ இதழாசிரியர்கள் கூடி உட்கார்ந்தார்கள், அடுத்த ஆண்டு பொது விதிகளை வெளியிட்டார்கள். அந்த விதிப்படி கட்டுரை இருந்தால் போதும், இதழ்கள் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் பரிசீலிக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. இன்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்யும் வான்கூவர் முறை அப்படி வந்தது. கட்டுரைக்குப் பெயர் போட்ட டாக்டர்களில் ஒருவருக்கும் தோன்றாதது, அடித்தவருக்குத் தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும், விரல் அவருடையது அல்லவா. நாங்கள் ஏன் அப்படி ஒரு கடிதம் போடவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். ஏர்மெயில் ஸ்டாம்புக்கு யார் அனுமதி தருவார்?

கணிதத்தில் டைப்பிஸ்டின் காலத்தை முடித்து வைத்தவர் அமெரிக்கக் கணினி அறிஞர் டொனால்ட் நூத். 1977இல் தன் புத்தகத்தின் இரண்டாம் பதிப்புக்கு வந்த புரூஃபைப் பார்த்து, பழைய ஈய எழுத்தின் அழகு போய், ஃபோட்டோ முறையில் எழுத்துகள் அசிங்கமாக வந்திருப்பதைக் கண்டு, நானே ஒரு வழி செய்கிறேன் என்று உட்கார்ந்தார். அதுதான் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருள். அதன்மேல் லெஸ்லி லாம்போர்ட் 1980களில் கட்டியது லாடெக். எங்கள் துறையில் அது வந்தபோது எனக்கு ஒரு மாணவிதான் சொல்லிக்கொடுத்தாள். பேக்ஸ்லாஷ் போட்டு ஆல்ஃபா என்று எழுத்துக்கூட்டி அடித்தால் திரையில் ஆல்ஃபா வந்து நிற்கிறது! இத்தனை வருடம் மையும் கையுமாக நிரப்பியவளுக்கு அன்றைக்கு வந்தது சந்தோஷமா கோபமா என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. இனி இவர்களே அடித்துக்கொள்வார்கள். அப்படியே ஆயிற்று. புரொபசர் ஆகப்போகிறவர்கள் ஓர அளவும் வரி இடைவெளியும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டைப்பிஸ்ட் பதவிகளில் ஆள் ஓய்வு பெற்றதும் இடத்தை நிரப்பவில்லை.

கம்பாசிட்டரும் போனார், பிளாக் செய்பவரும் போனார், நாங்களும் போனோம். விதிகள் மட்டும் போகவில்லை. திரையில் அனுப்பும் கட்டுரைக்கு டபுள் ஸ்பேஸ் கேட்கிறார்கள். படத்தைக் கடைசியில் தனியாக வை, விளக்கத்தை இன்னொரு பக்கத்தில் வை என்கிறார்கள். படிப்பவர் மேலும் கீழும் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இதில் வேடிக்கை நம் ஊரில்தான் இருக்கிறது. உலகின் பெரிய பதிப்பகங்களின் ஆய்விதழ்கள் ஏராளமாகப் பக்க வடிவம் பெறுவது சென்னையிலும் புதுச்சேரியிலும்தான். 1994இல் புதுச்சேரியில் தொடங்கிய இன்டெக்ரா, சென்னையின் நியூஜென் என்று பல நிறுவனங்கள். அப்படி ஒன்றில் என் அக்கா மகள் வேலை பார்க்கிறாள். லண்டனிலோ டோக்கியோவிலோ ஒருவர் ராத்திரி முழுக்க விழித்து ஓரமும் எழுத்தளவும் சரிசெய்து அனுப்பும் கட்டுரையை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று அவளைக் கேட்டேன்.

"முதல் வேலையா அதையெல்லாம் கழட்டிடுவோம் சித்தி. தலைப்பு எது, பேர் எது, பத்தி எதுன்னு குறி போட்டு எக்ஸ்.எம்.எல். ஆக்கிடுவோம். ஸ்பேஸ், ஃபான்ட் எதுவும் எங்களுக்கு வேண்டாம். புரியறாப்ல இருந்தா போதும்."

புரிகிற மாதிரி இருந்தால் போதும். நாராயண ஐயங்கார் கேட்டதும் அதுதான். ராமானுஜனிடம் அவர் படிகளைக் கேட்டார். ஓர அளவை அல்ல. வாசகனுக்காகக் கேட்பது ஒன்று, இல்லாமல் போன மெஷினுக்காகக் கேட்பது ஒன்று. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டு வைத்திருக்கிறார்கள்.

2019இல் பிளாஸ் ஒன் இதழில் வந்த ஓர் ஆய்வு, கட்டுரை ஒன்றுக்கு வடிவம் சரிசெய்ய மட்டும் 14 மணி நேரம் போகிறது, ஆராய்ச்சியாளர் ஒருவருக்கு வருடத்துக்கு 52 மணி நேரம் என்று கணக்குச் சொன்னது. என் சம்பளக் கணக்கில் அது ஒரு வாரத்துக்கு மேல். அவர்கள் சம்பளம் என்ன என்று சொல்ல வேண்டாம். சில இதழ்கள் விழித்துக்கொண்டன. எல்செவியரின் 'ஃப்ரீ ராடிகல் பயாலஜி அண்ட் மெடிசின்' 2011இலேயே, முதல்முறை எந்த வடிவத்தில் வேண்டுமானாலும் அனுப்புங்கள், ஏற்றுக்கொண்ட பிறகு வடிவத்தைப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டது. பிறகு பல இதழ்கள் அதைப் பின்பற்றின.

தமிழ் ஆய்விதழ்களுக்கு வருகிறேன். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் 'செந்தமிழ்' 1902இல் தொடங்கியது. நூற்றாண்டு கடந்த மரபு நமக்கு இருக்கிறது. ஆனால் கட்டுரை கேட்டு வரும் அறிவிப்புகளைப் பாருங்கள். ஒன்றில் வானவில் அவ்வையார் எழுத்துரு, 12 புள்ளி. ஒன்றில் பாமினி. ஒன்றில் யூனிகோடு, ஆனால் இன்ன எழுத்துருதான். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி, யூனிகோடில் எழுதியதைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றப்போய் கொம்பும் காலும் இடம் மாறி, விடிய விடியத் திருத்திக்கொண்டிருந்தாள். அது ஆராய்ச்சியா? தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டாயிற்று. இன்னும் ஏன் இந்தப் பாடு?

இதழாசிரியர்களுக்கு ஒரு பழைய டைப்பிஸ்டின் வேண்டுகோள். கட்டுரை யூனிகோடில் வருகிறதா, மேற்கோள் காட்டிய நூலைத் தேடிப்பிடிக்கும் அளவுக்கு விவரம் இருக்கிறதா, சொல்ல வந்தது புரிகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். புரியவில்லை என்றால் மூன்று முறை என்ன, முப்பது முறை திருப்பி அனுப்புங்கள். ஓரம், வரி இடைவெளி, எழுத்தளவு எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்ட பிறகு உங்கள் டி.டி.பி. செய்பவர் அரை மணியில் முடித்துவிடுவார். அவருக்கு ஒழுங்கான கூலி கொடுங்கள். இதழின் உள்ளட்டையில் அவர் பெயரையும் போடுங்கள்.